கொக்கு பறக்குதடி பாப்பா: இது தாலாட்டா, வேற ஏதாவதா?

மலைக்காப்பி | 2019 ஜூலை 14, ராத்திரி 9.40

எங்க ஆயாவுக்கு எம்பத்தெட்டு வயசு. ஏற்காட்டுல நாகலூர் பக்கம். பேரன் பேத்தி அத்தனை பேரையும் ஒரே பாட்டப் பாடித்தான் தூங்க வெச்சாங்க, "கொக்கு பறக்குதடி பாப்பா"ன்னு ஆரம்பிக்கும். அடுத்து திரும்பவும் அதே வரி, ஆனா கொக்குக்கு முன்னாடி ஒரு சொல்லு வரணும் போல, அந்த எடத்துல மட்டும் வாய மூடிக்கிட்டு "ம்ம்ம்"ன்னு இழுப்பாங்க, அப்புறம் கொக்கு பறக்கும். சொல்லு மறந்துபோச்சுன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம். இது தாலாட்டா? யாரு எழுதினது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குகை மைக்செட்டு | ஜூலை 14, 10.05

பாரதியார். பாப்பான்னு வந்தாலே அவருதான். சொல்லு மறந்திருக்கும், அந்த வயசுல சகஜம்.

குகை மைக்செட்டு | ஜூலை 14, 11.30

மேல போட்டத வாபஸ் வாங்கிக்கிறேன். வீட்டுல இருக்கிற பாரதியார் புஸ்தகத்துல முதல் வரி அட்டவணைய ரெண்டு தடவ தடவிப் பாத்துட்டேன், பாப்பா பாட்டு இருக்கு, இது இல்ல. எழுதினவர் பேரு தெரியாத பாட்டெல்லாம் பாரதியார் கணக்குல போடுறது நம்மாளுங்களுக்கு ஒரு பழக்கம், எனக்கும் அதே பழக்கம். நாளைக்கு வர்றேன், இப்ப வீட்டுல லைட்ட அணைக்கச் சொல்றாங்க.

குகை மைக்செட்டு | ஜூலை 15, காலைல 6.50

தூக்கமே வரல. கண்ணு மூடினா கொக்கு.

எங்கப்பா சேலத்துல குகைங்கற பேட்டையில மைக்செட்டு வெச்சிருந்தாரு. கல்யாணம், காதுகுத்து, கோட்டை மாரியம்மனுக்கு ஆடிப் பண்டிகைன்னா பத்து நாளைக்கு வீட்டுப் பக்கமே வரமாட்டாரு. அவருக்கு முன்னாடி தாத்தா சாவி குடுத்துப் பாடுற பெட்டிய வெச்சுக்கிட்டு ஊரு ஊராப் போனவரு. அந்த எழுபத்தெட்டு சுத்து ரெக்கார்டுங்க ஒரு தகரப் பொட்டி நெறைய பரண்ல கெடக்கு. அப்பா இந்தக் கொக்குப் பாட்டப் பத்தி சொன்னது இப்பத்தான் ஞாபகம் வருது: "அது பாப்பாவுக்குப் பாடுன பாட்டு இல்லடா, வெள்ளக்காரனுக்குப் பாடுனது."

தங்கச்சி, விஷயம் இதான். அந்த விடுபட்ட சொல்லு "வெள்ளை". வெள்ளைக் கொக்கு. நாட்ட விட்டுப் பறக்க வேண்டிய கொக்கு. மேடையில பாடிப் பாடி அத ஊரெல்லாம் பரப்புனவரு விஸ்வநாத தாஸ், எழுதினவரு மதுரகவி பாஸ்கரதாஸ். பாட்டோட முதுகெலும்பே அந்த ஒரு சொல்லுதான், உங்க ஆயா கரெக்டா அதப் போயி மறந்திருக்காங்க பாருங்க.

குகை மைக்செட்டு | ஜூலை 15, மத்தியானம்

கடையில ஆள் இல்ல, அதனால கொஞ்சம் நீட்டமா.

பாஸ்கரதாஸ் பொறந்தது 1892ல, நாகலாபுரம், அந்தக் காலத்துத் திருநெல்வேலி ஜில்லா, இப்ப தூத்துக்குடி. அப்பா அம்மா வெச்ச பேரு வெள்ளைச்சாமி. வெள்ளைக் கொக்க ஓட்டுனவரு பேருலயே வெள்ளை இருந்திருக்கு, இத நான் ஜோடிக்கல. மதுரையில இருந்துகிட்டு நாடகக்காரங்களுக்குப் பாட்டு எழுதுறதும் சொல்லிக் குடுக்கிறதும்தான் தொழில், 1952ல காலமானாரு. எழுத்தாளர் கோணங்கிக்கும் ச. தமிழ்ச்செல்வனுக்கும் இவரு தாத்தா முறை, அம்மா வழியில. அவரு எழுதின நாட்குறிப்பையே பேரன் ஒருத்தரு புஸ்தகமாக் கொண்டுவந்திருக்காரு.

இப்ப கொக்கு எப்படி மேடைக்கு வந்துச்சுன்னு கேளுங்க. வள்ளி திருமணம் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதினது, அவரு 1922ல போய்ச் சேர்ந்துட்டாரு, நாடகம் இன்னிக்கும் தெக்க ஓடிக்கிட்டு இருக்கு. அதுல வள்ளி தினைப்புனத்துல பரண் மேல நின்னு "ஆலோலம்"னு குருவி கிளி எல்லாத்தையும் ஓட்டுவா. அந்த எடத்துல கொக்க ஓட்டுறதுல என்ன தப்பு? கதைக்குப் பொருந்துது, வெள்ளாமைக்குப் பொருந்துது, கொக்குன்னா வெள்ளையாத்தான் இருக்கும். 1876லயே நாடகத்துக்குன்னு தனியா ஒரு சட்டம் போட்டு வெச்சிருந்தான் வெள்ளக்காரன், ராஜ துரோகமா ஏதாச்சும் இருந்தா நாடகத்தையே நிறுத்தலாம். ஆனா கொக்கப் பாத்து கொக்குன்னு சொன்னதுக்கு என்ன செக்ஷன்ல போடுவான்? கேக்குற ஜனத்துக்கு யாரு கொக்குன்னு தெரியும், முன் வரிசையில உக்காந்திருக்கிற போலீஸ்காரருக்கும் தெரியும், தெரியும்னு அவரு எழுதிக் குடுக்கத்தான் சங்கடம்.

அப்படியும் விஸ்வநாத தாச விட்டு வெக்கல, திரும்பத் திரும்ப ஜெயிலு. சிவகாசிக்காரரு, 1886ல பொறந்தவரு, நாவிதர் குலம். அதனாலயே கூட ஜோடி போட்டு நடிக்க மாட்டேன்னு சொன்ன நடிகைங்க இருந்திருக்காங்க. மேடையில முருகன், மேடைய விட்டு எறங்கினா தள்ளி நில்லு. கடைசியில 1940 டிசம்பர் 31ம் தேதி மெட்ராஸ் ராயல் தியேட்டர்ல மயில் மேல முருகனா உக்காந்து பாடிக்கிட்டு இருக்கும்போதே உசிரு போச்சு. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

குகை மைக்செட்டு | ஜூலை 15, ராத்திரி

ஒரு அன்பர் தனியா மெசேஜ் போட்டு, "நம்ம ஜில்லாவுலயே நாமக்கல் கவிஞர் இருக்கறப்ப மதுரைக்காரருக்கு ஏன் தூக்கிக் குடுக்கறீங்க, அது அவரு பாட்டுதான்"னு சண்டைக்கு வர்றாரு. ஏனுங்க, நாமக்கல் 1997ல தனி ஜில்லாவாப் போயிருச்சு, உரிமை கொண்டாடுறதா இருந்தா மொதல்ல அவங்கதான் கொண்டாடணும். ரெண்டாவது, மோகனூர் ராமலிங்கம் பிள்ளைக்குப் பேரு வாங்கிக் குடுத்தது கத்தியின்றி ரத்தமின்றி. 1930ல ராஜாஜி திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் போனப்ப நடந்துக்கிட்டே பாடுனது. அது நடைக்குன்னு எழுதின பாட்டு, காலு எடுத்து வெக்கிற தாளம் அதுலயே இருக்கும். கொக்கு மேடைக்குன்னு எழுதினது, கைதட்டு விழுந்து "ஒன்ஸ்மோர்" கேட்டா திரும்பப் பாடுறதுக்குத் தோதா. ரெண்டையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

பிள்ளைவாளுக்கு 1949ல அரசவைக் கவிஞர் பதவி கெடச்சுச்சு, ஊருக்கு ஊரு தெருவுக்குப் பேரு வெச்சாங்க. சந்தோஷம். பாஸ்கரதாசுக்கு என்ன கெடச்சுச்சு? என்ன மாதிரி ஆளு பாரதியார்னு சொல்லிட்டுப் போனதுதான் கெடச்சுச்சு.

குகை மைக்செட்டு | ஜூலை 21, ஞாயிறு

ஒரு வாரமா இதே ஓட்டம். பரண்ல இருந்து பொட்டிய எறக்கிட்டேன். தூசில தும்மித் தும்மி மூக்கு வீங்கிப்போச்சு. எண்ணிப் பாத்தா தொண்ணூத்தி ரெண்டு தட்டு. பதினேழு உடைஞ்சது, நாலு வெயில்ல நெளிஞ்சு அப்பளமா இருக்கு. அந்தக் காலத்து ரெக்கார்டு அரக்குல செஞ்சது, பிளாஸ்டிக் இல்ல. கீழ விழுந்தா தட்டு வடை மாதிரி நொறுங்கும் (சேலத்துக்காரன் வேற எதச் சொல்லுவான்). கல்கத்தாவுல சியால்டா பக்கம் 1908ல தொழிற்சாலை போட்டு அங்க அடிச்சு நாடு பூரா அனுப்பினாங்க. ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம், கொஞ்சம் கூடப் போகும், அவ்ளோதான். ஒரு பக்கம் பாடினதும் ஊசிய மாத்தணும், மாத்தாம அதே ஊசியில ஓட்டுனா தட்டு தேஞ்சுரும்னு பொட்டியிலயே எழுதியிருக்கும், எங்க தாத்தா ஒரே ஊசியில ஒரு கல்யாணத்தையே முடிச்சவரு.

இந்த மூணு நிமிஷத்தப் பத்தி எனக்கு ஒரு சந்தேகம். கச்சேரிப் பாட்டு எழுதினவங்க எல்லாம் உஷாரு, கடைசிச் சரணத்துல தன் பேர வெச்சிருவாங்க. தியாகராஜருக்குத் தியாகராஜான்னு வரும், தீட்சிதருக்கு குருகுஹ, பாபநாசம் சிவனுக்கு ராமதாசன். பாட்டு இருக்கிற வரைக்கும் பேரும் கூடவே போகும். மூணு நிமிஷத் தட்டுல சரணம் வரைக்கும் போறதுக்கு எங்க நேரம்? பல்லவி ரெண்டு தடவ, நடுவுல ஆர்மோனியம், முடிஞ்சுது. பேரு வெச்ச வரி வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.

பாடினவங்களுக்கு அந்தக் கவலை இல்ல. 1902ல கல்கத்தாவுல கௌஹர் ஜான் பாடி முடிச்சிட்டு, "மை நேம் இஸ் கௌஹர் ஜான்"னு கத்துவாங்க. அப்ப தட்டு அடிச்சது ஜெர்மனியில, அங்க இருக்கிறவனுக்கு யாரு பாட்டுன்னு தெரியறதுக்காக. எழுதினவன் வந்து கத்துறதுக்கு மைக் முன்னாடி எடம் ஏது. அப்ப மைக்கும் கெடயாது, புனல் மாதிரி ஒரு குழாய், அதுக்குள்ள தலைய விட்டுப் பாடணும், 1925க்கு அப்புறம்தான் கரண்டுல பதிவு பண்றது வந்துச்சு.

குகை மைக்செட்டு | ஜூலை 22

திருத்தம். "சரணம் வெட்டுப்பட்டுச்சு"ன்னு நேத்து கெத்தா எழுதினேன், ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சா அது பாதிதான் சரி. நாடகப் பாட்டுக்கு ரெக்கார்டுக்கு முன்னாடியே ஒரு வாழ்க்கை இருந்துச்சு, பாட்டுப் புஸ்தகம். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், சாணித்தாளு, காலணா அரையணா. மெட்ராஸ் குஜிலிக் கடையில அச்சடிச்சது ரயில்லயும் சந்தையிலயும் விக்கும். பாட்டுக்கு மேல "இன்ன வர்ணமெட்டு"ன்னு போட்டிருக்கும், அதாவது உனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச ஒரு பாட்டோட ராகத்துல இதப் பாடிக்கோன்னு அர்த்தம். பாதி மெட்டு வடக்க இருந்து பார்சி நாடகக்காரங்க கொண்டுவந்தது. அதுல எழுதினவர் பேரு அட்டையில பெருசா இருக்கும். ஆக பேரு படிக்கத் தெரிஞ்சவனுக்குப் போச்சு, பாட்டு படிக்கத் தெரியாதவனுக்குப் போச்சு. நம்ம வீட்டு ஆயாக்கள் எந்தப் பக்கம்னு சொல்ல வேண்டியதில்ல.

குகை மைக்செட்டு | ஜூலை 22, மறுபடியும்

"பொட்டியில கொக்குப் பாட்டு இருக்கா இல்லயா, அதச் சொல்லுங்க முதல்ல"ன்னு மலைக்காப்பி கேக்குறாங்க. இருக்கான்னு தெரியல தங்கச்சி. ஏன் தெரியலன்னா எங்கப்பா பண்ணின வேலை. நடுவுல வட்டமா இருக்கிற லேபிள் மேல வெள்ளத்தாள வெட்டி மைதாப் பசை போட்டு ஒட்டி 1, 2, 3ன்னு நம்பர் எழுதிட்டாரு. பந்தல்ல அவசரத்துக்குப் பேரு படிச்சுக்கிட்டு இருக்க முடியாதாம். நம்பருக்கு எது பாட்டுன்னு ஒரு நோட்டு இருந்துச்சு, அத 1984லயே கரையான் தின்னுருச்சு. போட்டுக் கேக்கலாம்னா சாவி குடுக்கிற பொட்டியில ஸ்பிரிங் போச்சு.

குகை மைக்செட்டு | ஆகஸ்ட் 4

கோட்டை மாரியம்மன் பண்டிகை நெருங்குது, இப்ப எல்லாம் பென்டிரைவ்தான், ஒரே பையன் நாலு தெருவுக்குப் போடுறான். போகட்டும்.

ஆர்வத்துல ஒரு தட்ட எடுத்து ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் ஊறவெச்சு அப்பாவோட தாள மெதுவா உரிச்சேன். நம்பர் 31. கை நடுக்கமே வந்துருச்சு, உள்ள எழுதினவர் பேரு இருக்கும், போட்டோ புடிச்சு இங்க போட்டுரலாம்னு.

பாடினவங்க பேரு இருக்கு. ராகம் இருக்கு, தாளம் இருக்கு. கம்பெனி பேரு தங்கக் கலர்ல இருக்கு. தட்டோட நம்பர் இருக்கு. எழுதினவர் பேரு இல்ல.

இன்னும் அஞ்சு உரிச்சேன். அஞ்சுலயும் இல்ல. இத்தன வருஷம் எங்கப்பா தாள ஒட்டி மறைச்சிட்டாருன்னு அவரு மேல கோவமா இருந்தேன், அவரு மறைக்கிறதுக்கு அங்க ஒண்ணும் இல்லவே இல்ல.

குகை மைக்செட்டு | ஆகஸ்ட் 5

சினிமாவுல கெடச்சிருக்குமேன்னு ஒருத்தர் கேட்டாரு. நல்ல கேள்வி. முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், 1931 அக்டோபர் 31ல மெட்ராஸ் கினிமா சென்ட்ரல்ல வந்துச்சு. எடுத்தது பம்பாயில. அதுக்கும் பாஸ்கரதாஸ்தான் பாட்டு. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேசுவாங்க, கதாநாயகன் தெலுங்கு பேசுவாரு, ஒருத்தருக்கொருத்தரு புரிஞ்சுதான்னு கேக்கப்படாது. காளிதாசன் கதைக்கு நடுவுல ராஜலட்சுமி காந்தி ராட்டினத்தப் பத்தி ஒரு பாட்டுப் பாடுவாங்க! காளிதாசன் எங்க, கதர் எங்க. ஜனம் கதையா பாத்துச்சு? திரையில பொம்பளை தமிழ்ல பாடுறதே அதிசயம், அதுவும் காந்தி பாட்டுன்னா டிக்கெட் கிழிஞ்சிருக்கும். இதுலயும் பாருங்க, அந்தப் படத்தோட பிலிமே இன்னிக்கு இல்ல. போச்சு. எழுதினவருக்கு வாய்ச்சதெல்லாம் இப்படித்தான், நிக்காத எடத்துலயே பேரு போயி ஒட்டுது.

கே.பி. சுந்தராம்பாள் பாடின "காந்தியோ பரம ஏழை சந்நியாசி", அதுவும் இவருதான். கொடுமுடி அம்மாவோட சொந்தப் பாட்டுன்னே நான் நாப்பது வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். மதுரை மேலமாசி வீதியில 1921 செப்டம்பர் 22ம் தேதிதான் காந்தி சட்டையக் கழட்டிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினாரு, பாட்டு கட்டுறவரும் அதே மதுரை. அந்தப் பாட்ட இதுக்கப்புறம் கேக்கறப்ப எனக்கு மேலமாசி வீதி தெரியும்.

அந்தம்மா 1935ல நந்தனார் படத்துக்கு ஒரு லட்சம் வாங்கினாங்க, நாடே வாயப் பொளந்துச்சு. அவங்க உழைப்பு, குரலு, நான் குறை சொல்லல. பாட்டு எழுதின வாத்தியாருக்கு பாட்டுக்கு இவ்வளவுன்னு கையில குடுத்து அனுப்பிருவாங்க, வாங்கிட்டுப் போனவரு அது தன் பாட்டுன்னே பாடுவாரு, அது தொழில் தர்மம்.

குகை மைக்செட்டு | ஆகஸ்ட் 6

நேத்து "தொழில் தர்மம்"னு எழுதினத ஒருத்தரு புடிச்சுக்கிட்டாரு, அது திருட்டு இல்லையான்னு. இல்லைங்க. ஸ்பெஷல் நாடகம்னா என்னன்னு தெரிஞ்சாத்தான் இது புரியும். நம்ம சேலம் பக்கம் தெருக்கூத்து, அதுல ஒரு ஜமா, எல்லாரும் ஒண்ணா இருப்பாங்க. தெக்கத்தி ஸ்பெஷல் நாடகம் அப்படி இல்ல. ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, பபூன் ஒரு ஊரு, ஆர்மோனியம் ஒரு ஊரு. தனித்தனியா அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு வந்து மேடையிலதான் மொகத்தயே பாப்பாங்க. ஒத்திகைன்னு ஒண்ணு கெடயாது. நான் மதுரைப் பக்கம் ஒரு சொந்தக்காரங்க ஊருத் திருவிழாவுல பாத்தேன், வள்ளிக்கும் முருகனுக்கும் விடிய விடிய தர்க்கம், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கவுக்கப் பாக்குறாங்க. அப்படி மேடையில நிக்கிறவனுக்கு ஆயுதமே பாட்டுதான். எதிராளிகிட்ட இல்லாத புதுப் பாட்டு ஒண்ணு மடியில இருக்கணும். அதுக்குத்தான் வாத்தியாரு வீட்டுத் திண்ணையில போயிக் காத்துக் கெடக்குறது. கொல்லன் அருவாள வித்துட்டு, அதுல வெட்டின தேங்காயில பங்கு கேப்பானா?

கேக்கணும்னுதான் தோணுது, இருந்தாலும்.

குகை மைக்செட்டு | ஆகஸ்ட் 18

இழை வேற பக்கம் போகுது, போகட்டும். ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு மட்டும் மிச்சம் இருக்கே, நேத்து அது வழியாப் போனேன். டி.ஆர். சுந்தரம் அங்க உக்காந்து நூறு படத்துக்கு மேல எடுத்தாரு, முதல் மலையாளப் பேசும் படம் பாலன் 1938ல இங்கிருந்துதான் போச்சு. அங்க பாட்டு எழுதினவங்களுக்கு நெலம மாறிடுச்சு. மருதகாசி, கா.மு. ஷெரீப் எல்லாம் வந்தப்ப பாட்டுப் புஸ்தகத்துலயும் திரையிலயும் பேரு. நடுவுல ஒரு இருபது வருஷம்தான், அதுக்குள்ள பாட்டு எழுதுறவரு திண்ணையில இருந்து டைட்டிலுக்கு வந்துட்டாரு. பாஸ்கரதாஸ் கதவு தெறக்கறதுக்கு முன்னாடி வந்து தட்டினவரு.

அப்புறம் ஒருத்தரு "கள்ளுக்கடை மறியல் பாட்டு ஏதும் சேலத்துக்குன்னு இருக்கா"ன்னு கேட்டாரு. நாட்டுலயே முதல்ல மதுவிலக்கு வந்த ஜில்லா நம்ம ஜில்லா, ராஜாஜி 1937 அக்டோபர் 1ல கொண்டுவந்தாரு. எங்க தாத்தா கள்ளுக்கு எதிராப் பாட்டு போட்டுட்டு, செட்டு வாடகைய வாங்கிக்கிட்டு நேரா எங்க போவாருன்னு ஆத்தா சொல்லும். அத இங்க எழுதினா குடும்ப மானம் போயிரும்.

குகை மைக்செட்டு | டிசம்பர் 31

விஸ்வநாத தாஸ் நாள். ஊரெல்லாம் புதுவருஷத்துக்கு கேக் வாங்கப் போகுது. பொட்டிக்கு ஸ்பிரிங் மாத்தியாச்சு, செவ்வாய்ப்பேட்டையில வெள்ளி வேலை செய்யிற ஒரு பெரியவரு பழைய கடிகார ஸ்பிரிங்க வெட்டி சரி பண்ணிக் குடுத்தாரு, காசு வாங்கல, ஒரு பாட்டு கேட்டுட்டுப் போயிட்டாரு.

எழுவத்தோரு தட்டையும் கேட்டாச்சு. கொக்கு இல்ல.

குகை மைக்செட்டு | 2020 ஜனவரி 18

நேத்து காணும் பொங்கல், ஏற்காடு போனேன். மலைக்காப்பி ஆறு மாசமாக் கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. காணும் பொங்கலன்னிக்கு ஏற்காட்டுக்குக் காருல போறவனுக்குப் புத்தி வேணும், இருபது கொண்டை ஊசியில எட்டாவது வளைவுலயே ஒரு மணி நேரம் நின்னாச்சு.

ஆயா திண்ணையில வெயிலு காஞ்சுக்கிட்டு மொளகு ஆஞ்சுக்கிட்டு இருந்தாங்க. காதும் கண்ணும் நல்லா இருக்கு. நான் போன ஜோருல மதுரகவி பாஸ்கரதாஸ், விஸ்வநாத தாஸ், வள்ளி, தினைப்புனம்னு ஆறு மாசப் படிப்பையும் கொட்டினேன். பொறுமையாக் கேட்டாங்க. "அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, எங்கப்பன் செவ்வாப்பேட்ட சந்தைக்கு மொளகு தூக்கிட்டுப் போனப்ப பாட்டுப் புஸ்தகம் விக்கிறவன் பாடுனதக் கேட்டுட்டு வந்து பாடுச்சு. காசு குடுத்து புஸ்தகமும் வாங்கல, கேட்டதுதான்."

நான் கேட்டேன், "அந்த எடத்துல வெள்ளைன்னு வரணும் ஆயா, மறந்துட்டீங்களா?"

கையில இருந்த மொளகக் கீழ போட்டுட்டு சிரிச்சாங்க பாருங்க.

"எதுக்கு மறக்குது? எங்கம்மா தொரை பங்களாவுல கொழந்த பாத்துக்கிற ஆயா வேலை. தொரைசாமி கொழந்தைய மடியில போட்டுக்கிட்டு அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாட்டு இதுதான், பாடுனாத்தான் அது தூங்கும். தொரைக்குத் தமிழ் நல்லாத் தெரியும், தோட்டத்துல எல்லாரையும் தமிழ்லதான் வைவாரு. பக்கத்து ரூம்புல உக்காந்து கணக்குப் பாத்துக்கிட்டு இருக்கறப்ப அந்தச் சொல்லச் சொல்ல முடியுமா? அந்த எடம் வந்தா ம்ம்முன்னு இழுத்துரும். நான் தூணோரம் உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்."

மலைக்காப்பி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க, இத்தன வருஷத்துல அவங்களுக்கே இது தெரியாது. யாரும் கேக்கல, அவங்க சொல்லல.

தொரை போயி எத்தன காலம் ஆச்சு, உங்க பேரன் பேத்திக்குப் பாடறப்ப வெள்ளைன்னு சேத்துப் பாடியிருக்கலாமேன்னு கேட்டேன். என்னமோ நான் தப்பாப் பேசிட்ட மாதிரி பாத்தாங்க.

"அந்தப் பாட்டு அப்படித்தானே தம்பி."

அரைக் கிலோ மொளகு குடுத்து அனுப்புனாங்க, காசு குடுத்தா வாங்கல. எறங்கும்போது பதினோராவது வளைவுல பிரேக் போட்டதுல பின் சீட்டுல இருந்த தட்டு ஒண்ணு கீழ விழுந்து ரெண்டாப் போச்சு. நம்பர் 31.

மலைக்காப்பி | ஜனவரி 18, ராத்திரி

அண்ணா, நீங்க போனதுக்கப்புறம் ஆயா கேட்டாங்க, "அந்த எழுதின ஆளு பேரு என்னமோ சொல்லுச்சே அந்தத் தம்பி, என்ன பேரு?"ன்னு. மூணு தடவ சொல்லிக் குடுத்திருக்கேன். காலையில கேட்டுப் பாக்கறேன்.